எங்க ஊருப் பக்கம் ஜவுளிப் பூங்கா வருதாம்

கொஞ்சம் நீளமான இழை. நைட் டூட்டியில் உட்கார்ந்து எழுதுறேன். நடுவில் கேஸ் வந்தால் போயிட்டு வந்து தொடர்வேன். நோயாளிகளின் அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக வயது, ஊர், உறவு ஆகியவற்றைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

2023 மார்ச் 17, வெள்ளிக்கிழமை. நாட்டில் ஏழு இடங்களில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா வரப்போகுதுன்னு பிரதமர் அறிவிச்சார். தெலங்கானா, கர்நாடகா, மகாராஷ்டிரா, குஜராத், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம். நம்ம மாநிலத்துக்கு விருதுநகர் மாவட்டம், இ.குமாரலிங்கபுரம். சிப்காட் கையில் இருந்த 1,052 ஏக்கர். அஞ்சு நாள் கழிச்சு, 22ஆம் தேதி, சென்னையில் மத்திய அரசும் மாநில அரசும் ஒப்பந்தம் போட்டாங்க. ஒரு பூங்காவுக்கு ஒரு லட்சம் பேருக்கு நேரடி வேலை, இரண்டு லட்சம் பேருக்கு மறைமுக வேலை என்று கணக்கு சொன்னாங்க.

எனக்கு இந்தச் செய்தி டிவியில் வந்து சேரவில்லை. அந்த வார இறுதியில் எனக்குத் தொடர் டூட்டி. திங்கட்கிழமை காலை காரியாபட்டியில் ஓ.பி.யில்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அரசு ஆஸ்பத்திரி திங்கட்கிழமை ஓ.பி. எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை வாங்க வர்றவங்க, ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட்டு வயிற்றைப் பிடிச்சுக்கிட்டு வர்றவங்க, கரிமூட்டம் போடுற இடத்தில் சீமைக்கருவேல முள் ஏறி, நாலு நாள் மஞ்சப்பத்துப் போட்டுப் பார்த்துட்டுக் கால் வீங்கி வர்றவங்க. அன்னைக்கு எல்லார் வாயிலயும் நோயைவிடப் பூங்காதான் அதிகம் இருந்தது.

முடுக்கன்குளம் பக்கத்துப் பெரியவர் ஒருத்தர். எழுபது தாண்டியிருக்கும். கரிசல்ல பருத்தி போடுறவர். பி.பி. பட்டையைக் கையில் சுத்துறப்பவே கேட்டார்.

"ஏந்தம்பி, பருத்தியில ஆரம்பிச்சு சட்ட வரைக்கும் ஒரே எடத்துல பண்ணப்போறாகளாமே. அப்ப நம்ம பருத்திய அங்க வாங்கிக்கிருவாகளா?"

தெரியலையேய்யா என்றேன்.

"அதான பாத்தேன். குண்டாத்துக்குக் காவேரித் தண்ணி வருதுன்னு சொன்னாகல்ல, அதக் கேட்டுட்டு ரெண்டு ஏக்கர வெட்டித் திருத்திப் போட்டேன். அதுல இப்ப கருவேலந்தான் நிக்கி."

காவிரி - வைகை - குண்டாறு இணைப்புக்கு அடிக்கல் நாட்டியது 2021 பிப்ரவரி. மாயனூரில் தொடங்கி 262 கிலோமீட்டர் வந்து குண்டாற்றில் சேர வேண்டிய கால்வாய். குண்டாறு எங்க பக்கமாத்தான் போகுது. போகுதுன்னு சொல்றது மரியாதைக்கு. வருசத்தில் பல மாசம் அது மணல் மட்டும்தான்.

பெரியவருக்கு அன்னைக்கு பிரஷர் 170. செய்தியாலா, உப்புக்கண்டத்தாலா என்று எனக்குத் தெரியாது.

அடுத்து வந்தவர் நிலத் தரகர். எனக்கு நாலு வருசமாத் தெரியும். சுகர் எப்பவும் 250க்குக் கீழே இறங்காது. சாப்பாட்டைப் பத்திக் கேட்டால் பேச்சை மாத்துவார். அன்னைக்கு அவரே பேச்சை ஆரம்பிச்சார். "சார், அங்கிட்டுப் பூங்கா. இங்கிட்டு ரயிலு. நடுவுல நம்ம காரியாபட்டி. உங்களுக்குன்னு ஒரு கார்னர் பிளாட்டு எடுத்து வச்சிருக்கேன்."

ரயில் கதை வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது, சொல்லிடறேன். மதுரையில் இருந்து காரியாபட்டி, அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்குப் புது ரயில் பாதை. 143 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். 2011-12 பட்ஜெட்டில் ஒப்புதல் ஆனது. தூத்துக்குடி முனையில் மீளவிட்டானில் இருந்து மேல்மருதூர் வரை 18 கிலோமீட்டர் போட்டிருக்காங்க. எங்க ஊரில் இன்னும் தண்டவாளம்னா அது சினிமாவில்தான். 2025 ஜனவரியில் இன்னொரு கூத்து. ரயில்வே அமைச்சர் சென்னையில், இந்தத் திட்டமே வேண்டாம்னு மாநில அரசு சொல்லிடுச்சுன்னு பேட்டி கொடுத்தார். மாநில அரசு, நாங்க அப்படிச் சொல்லவே இல்லைன்னு மறுத்தது. அப்புறம், இரைச்சலில் தனுஷ்கோடிக்கும் தூத்துக்குடிக்கும் குழப்பமாயிடுச்சுன்னு விளக்கம் வந்தது. நடுவில் இருந்த நாட்களில் எங்க ஊர் டீக்கடையில் துக்க வீடு மாதிரி இருந்தது. இல்லாத ரயிலை இழந்துட்டு உட்கார்ந்திருந்தோம்.

சரி, பிளாட்டுக்கு வருவோம். உங்ககிட்ட ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு. நான் போய்ப் பார்த்தேன். சாயந்தரம் பைக்கை எடுத்துக்கிட்டுப் போனேன். கருவேலத்தை வெட்டித் தள்ளிட்டு மஞ்சள் கல் நட்டிருந்தாங்க. வாசலில் பூங்காவின் பெயரைப் போட்டே ஒரு பேனர். பூங்கா அங்கிருந்து பல மைல் தள்ளி, சாத்தூர் போற பக்கம் இருக்கு. இருந்தாலும் எனக்கு அந்தக் கணம் அது ரொம்பப் பக்கத்தில் இருக்குற மாதிரித்தான் தோணுச்சு. அட்வான்ஸ் கொடுக்கிற அளவுக்கு மனசு போயிடுச்சு. வீட்டம்மா கூட வந்ததால் தப்பிச்சேன். "என்னங்க, இது கண்மாய் உள்வாய் மாதிரி பள்ளமா இருக்கு?"ன்னு ஒரே கேள்வி. பத்து வருசம் படிச்சவன் பார்க்காததை அவங்க செருப்பில் ஒட்டின களிமண் சொல்லிடுச்சு.

ஊர்க்காரங்க அறிவிப்பைக் கேட்டு ஆசைப்படுறாங்கன்னு யாராவது இளக்காரமாப் பேசினால் எனக்கு அந்த மஞ்சள் கல் ஞாபகம் வரும்.

இப்ப நான் சொல்ல வந்ததுக்கு வர்றேன்.

அதே திங்கட்கிழமை, கூட்டம் வடியுற நேரம், ஒரு அக்கா வந்தாங்க. நாற்பது வயசு இருக்கும். பட்டாசு ஆலையில் வேலை. கையைப் பார்த்தாலே தெரியும். அலுமினியப் பவுடர் நகக்கண்ணில் ஏறி வெள்ளி மாதிரி மின்னும். எவ்வளவு தேய்ச்சுக் கழுவினாலும் கொஞ்சம் நிக்கும். வலது முழங்கையில் பழைய தீக்காயத் தழும்பு. அவங்க வந்தது அதுக்கு இல்லை, இடுப்பு வலிக்கு. மாத்திரை எழுதி முடிச்சதும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாங்க.

"சார், ஒண்ணு கேக்கணும். எம் மக பிளஸ் ஒன் படிக்கா. இந்தப் பூங்கா வந்தா அங்கிட்டு வேலைக்கு அனுப்பலாமா? பட்டாசுக்கு மட்டும் அவள விடக்கூடாதுன்னு இருக்கேன்."

நான் யோசிக்கவே இல்லை. "தாராளமா அனுப்புங்கக்கா. மில்லு வேலை எவ்வளவோ தேவலை."

அவங்க முகத்தில் வந்த நிம்மதியை நீங்க பார்த்திருக்கணும். டாக்டரே சொல்லிட்டார்.

நான் அப்படிச் சொன்னதுக்குக் காரணம் உண்டு. 2012 செப்டம்பர் 5, சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடிச்சுச் சுமார் 40 பேர் இறந்தாங்க. நான் அப்போ மதுரையில் மருத்துவ மாணவன். தீக்காய வார்டில் குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்ன பசங்கள்ல நானும் ஒருத்தன். ஸ்டாண்ட் பத்தலை. அந்த வாசனையை விவரிக்க மாட்டேன். அதைப் பார்த்தவன் எவனும், பட்டாசா மில்லான்னு கேட்டால் மில்லுன்னுதான் சொல்வான். அதுக்கப்புறம் இந்த மாவட்டத்தில் வருசம் தவறாமல் ஏதோ ஒரு பெயர் செய்தியில் வருது. எங்க காரியாபட்டி பக்கம் ஆவியூரில் 2024 மே தினத்தன்று கல்குவாரி வெடிமருந்துக் கிடங்கு வெடிச்சது. தொழிலாளர் தினம்.

ஆனால் அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. ஏன்னா எங்கப்பா மில் தொழிலாளி.

இருபத்திரண்டு வருசம் நூற்பாலையில் வேலை. பெரும்பகுதி கார்டிங்கில். பஞ்சை ஊதிப் பிரிக்கிற புளோரூமும், அதைச் சீவிப் பட்டையாக்குற கார்டிங்கும்தான் மில்லிலேயே தூசி அதிகம் உள்ள இடம். வீட்டுக்கு வர்றப்ப புருவம், காது மடல், மூக்கு நுனி எல்லாம் வெள்ளையா இருக்கும். சின்ன வயசுல நானும் தங்கச்சியும் "அப்பா தாத்தாவாயிட்டாரு"ன்னு சிரிப்போம். அவரும் சிரிப்பார். சிரிச்சா இருமல் வரும்.

எங்க வீட்டில் திங்கட்கிழமைக்கு ஒரு சட்டம் இருந்தது. அன்னைக்கு அப்பாகிட்ட எதுவும் கேட்கக்கூடாது. நோட்டு வேணும், பீஸ் கட்டணும், எதுவானாலும் செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை ஷிஃப்ட் முடிஞ்சு வந்தார்னா திண்ணையில் முழங்கையை ஊன்றிக் குனிஞ்சு உட்கார்ந்திருப்பார். நெஞ்சைக் கயிறு போட்டுக் கட்டின மாதிரி இருக்குன்னு சொல்வார். புதன், வியாழன் ஆக ஆகச் சரியாயிடும். ஞாயிற்றுக்கிழமை நல்லா இருப்பார். மறுபடி திங்கட்கிழமை. அம்மா அதுக்குக் கண்டுபிடிச்ச காரணம், ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறது. சளி பிடிச்சுக்குதாம். எண்ணெய்க் குளியலை நிறுத்தினோம். திங்கட்கிழமை நிற்கலை.

மூன்றாம் வருசம் சமூக மருத்துவ வகுப்பு. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், பாதி வகுப்பு தூக்கம். பேராசிரியர் தொழில்சார் நுரையீரல் நோய்களை வரிசையாச் சொல்லிக்கிட்டு வந்தார். சிலிக்கா தூசிக்கு சிலிக்கோசிஸ், கரும்புச் சக்கைத் தூசிக்கு பகாசோசிஸ், பருத்தித் தூசிக்கு பிசினோசிஸ். அதன் அடையாளம் என்னன்னா, வார விடுமுறை முடிஞ்சு வேலைக்குப் போற முதல் நாள் நெஞ்சு இறுக்கமும் மூச்சுத் திணறலும் வரும், வாரம் போகப் போகக் குறையும் என்றார்.

நான் எழுதுறதை நிறுத்திட்டேன்.

ஷில்லிங்னு ஒரு பிரிட்டிஷ் மருத்துவர் 1950களில் இதைப் படி படியாப் பிரிச்சு வச்சிருக்கார். எப்பவாவது ஒரு திங்கட்கிழமை நெஞ்சு இறுகினால் அரைப்படி. எல்லாத் திங்கட்கிழமையும்னா முதல் படி. மற்ற நாட்களுக்கும் பரவினால் இரண்டாம் படி. அதோடு நுரையீரல் நிரந்தரமாக் கெட்டுப்போனால் மூன்றாம் படி. நான் ஹாஸ்டல் படிக்கட்டில் உட்கார்ந்து எங்கப்பாவை இந்தப் படிகளில் வச்சுப் பார்த்தேன். நான் அஞ்சாவது படிக்கிறப்ப முதல் படி. பத்தாவது படிக்கிறப்ப இரண்டாம் படி. நான் எம்.பி.பி.எஸ். சேர்ந்தப்ப மூணு.

கொஞ்சம் அறிவியல். பருத்தி நாரைவிட, அதோடு ஒட்டி வர்ற இலைத் துணுக்கு, பூவடிச் செதில்களில் இருக்கும் பாக்டீரியாக்களின் நச்சுதான் முக்கியக் காரணம்னு கருதப்படுது. அது மூச்சுக் குழாயைச் சுருக்கும். தினமும் பட்டுக்கிட்டே இருந்தால் உடம்பு ஓரளவு பழகிக்கும். ஒரு நாள் லீவு விட்டால் அந்தப் பழக்கம் போயிடும். அதனால்தான் திங்கட்கிழமை. முதல் படியில் தூசியை விட்டு விலகினால் பெரும்பாலும் சரியாயிடும். மூன்றாம் படியில் வேலையை விட்டாலும் போன நுரையீரல் திரும்பாது.

அப்பாவை எத்தனையோ டாக்டர்கள் பார்த்தாங்க. எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, பீடி குடிப்பீங்களா? குடிப்பார். அதோடு கேள்வி முடிஞ்சது. என்ன வேலை, அதில் எந்தப் பிரிவு, எந்தக் கிழமை அதிகம்னு ஒருத்தரும் கேட்கலை. கடைசி வரைக்கும் அவர் சீட்டில் சி.ஓ.பி.டி. என்றுதான் இருந்தது. மில் என்ற வார்த்தையே இல்லை. பிசினோசிஸ், சட்டப்படி நஷ்டஈடு கேட்கக்கூடிய தொழில் நோய். சீட்டில் இல்லாத நோய்க்கு எங்கே போய்க் கேட்கிறது?

இதில் ஒண்ணு சொல்லணும். மில்லைத் திட்டிட்டுப் போக எனக்கு வாய் வராது. என் எம்.பி.பி.எஸ். பீஸ் அந்தத் தூசியில் இருந்து வந்த சம்பளம்தான். தங்கச்சி கல்யாணமும் அதில்தான். எங்க தெருவில் முதல் காரை வீடு எங்களுடையது. பூங்கா வரக்கூடாதுன்னு சொல்றவன் நான் இல்லை. வரணும். வானம் பார்த்த பூமியில் கரிமூட்டம், கல்குவாரி, பட்டாசு மூணையும் விட்டால் வேறென்ன இருக்குன்னு கேட்கிற ஊரில் உட்கார்ந்துக்கிட்டு, மாசச் சம்பளம் வர்ற வேலை வேண்டாம்னு சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

அந்த அக்காவுக்கு நான் சொன்ன பதில் தப்பும் இல்லை. ஆனால் பாதிதான்.

போன மாசம் மறுபாதி என் ஓ.பி.க்கே வந்தது. அந்த அக்கா, கூடவே மகள். பூங்காவுக்கு 1,900 கோடி ரூபாய் அளவில் திட்டம்னு பேப்பரில் வந்துச்சு. ஆனாலும் எனக்குத் தெரிஞ்சு எங்க ஊர்ப் பிள்ளைகள் யாரும் இன்னும் அங்கே வேலைக்குப் போகலை. பிளஸ் டூ முடிச்ச பிள்ளை எத்தனை நாள் காத்திருக்கும்? காலையில் ஊருக்குள் வர்ற மில் வேனில் ஏறிடுச்சு. பஞ்சு மில். எந்த மில்லுன்னு இங்கே வேண்டாம்.

அந்தப் பிள்ளைக்கு இருமல், அசதி. ஹீமோகுளோபின் 7.8. எந்தப் பிரிவுன்னு கேட்டேன். "கார்டிங் சார்." அந்த வார்த்தையை வேற ஒரு வாயில் இருந்து கேட்டு ரொம்ப வருசம் ஆச்சு. மாஸ்க் கொடுக்கிறாங்களான்னு கேட்டேன். "குடுத்தாக சார். போட்டா மூச்சு முட்டுது. துண்டக் கட்டிக்கிருவேன்."

எந்தக் கிழமை ரொம்ப இருக்குன்னு கேட்டேன்.

யோசிச்சுது. "அப்பிடியெல்லாம் பாக்கல சார். எப்பவுமே இருக்க மாதிரித்தான் இருக்கு."

புத்தகத்தில் இருக்குற பதில் வரலை. வேலைக்குப் போய் ஒரு வருசம்கூட ஆகலை. வெறும் ரத்தசோகையும் சளியுமாகவும் இருக்கலாம். டி.பி.க்குச் சளிப் பரிசோதனை அனுப்பினேன், இல்லைன்னு வந்தது. நுரையீரல் திறன் பார்க்க விருதுநகர் மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்தேன். போகலை. ஒரு நாள் லீவு போட்டால் அந்த மாச வருகைப் படி போயிடுமாம்.

இங்கே என் குற்றத்தைச் சொல்லிடறேன். 1948ஆம் வருசத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 89ஆம் பிரிவுன்னு ஒண்ணு. பட்டியலில் உள்ள தொழில் நோய் ஒருத்தருக்கு இருக்குன்னு நம்புற எந்த டாக்டரும் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்கணும். பட்டியலில் பிசினோசிஸ் இருக்கு. தெரிவிக்காத டாக்டருக்கு ஆயிரம் ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டம் 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போயிடுச்சு, டாக்டரின் கடமை போகலை. எத்தனையோ மில் தொழிலாளர்களை நெபுலைசரில் உட்கார வச்சிருக்கேன். இன்னார் மகன் நான். இதுவரை ஒரே ஒரு கடிதம்கூட நான் அனுப்பினதில்லை. எம்.பி.பி.எஸ்.தானே, ஸ்பைரோமெட்ரி இல்லாமல் எப்படி உறுதியாச் சொல்றது, ஸ்பெஷலிஸ்ட் பார்க்கட்டும், நமக்கெதுக்கு வம்பு... காரணங்கள் வரிசையா நின்னுச்சு. அப்பாவைப் பார்த்த டாக்டர்களுக்கும் இதே மாதிரி காரணங்கள் இருந்திருக்கும்.

இதைப் படிக்கிற மில் வேலைக்காரங்களுக்கு: டாக்டர்கிட்ட போனால், அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்க. என்ன வேலை, எந்தப் பிரிவு, எத்தனை வருசம், லீவு நாளில் எப்படி இருக்கு, லீவு முடிஞ்ச மறுநாள் எப்படி இருக்கு. சீட்டில் அதை எழுதச் சொல்லுங்க. இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்கன்னா கார்டு நம்பரை மனப்பாடம் பண்ணி வையுங்க. படிக்கிற டாக்டர் நண்பர்களே, நீங்க கேளுங்க. அரை நிமிஷம் ஆகும்.

பூங்காவில் தூசியை இழுக்கிற இயந்திரம் எப்படி இருக்கும், புளோரூமில் நிற்கிறவங்களுக்கு வருசா வருசம் ஊதிப் பார்க்கிற சோதனை இருக்குமா, இதை எல்லாம் யாராவது கேட்டிருப்பாங்கன்னு நம்புறேன். எங்க ஓ.பி.யில் யாரும் கேட்கலை. நானும் கேட்கலை, நான் பிளாட்டு பார்க்கப் போயிருந்தேன்.

அந்தப் பிள்ளையை லீவு போட வேண்டாம்னு சொல்லிட்டேன். பீக் ஃப்ளோ மீட்டர் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். சின்னப் பிளாஸ்டிக் குழாய், ஊதினால் முள் நகரும். ஸ்பைரோமெட்ரிக்கு ஈடாகாது, ஆனால் இப்போதைக்குக் கையில் இருக்கிறது இதுதான். திங்கட்கிழமை காலையில் வேன் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, சாயந்தரம் இறங்கின கையோட ஒரு தடவை ஊதணும். நாலு திங்கட்கிழமை. வேன் நிற்கிற இடம் ஆஸ்பத்திரியில் இருந்து கூப்பிடு தூரம்தான். காலையில் ஆறு மணிக்கு நான் அங்கே போய் நிற்கிறேன்னு சொல்லியிருக்கேன்.

நாளைக்கு முதல் திங்கட்கிழமை. டூட்டி முடிய இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. வாசலில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்குது, போயிட்டு வர்றேன்.